கொல்லிமலையில் பல்வலி!

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று சொல்லிவைத்த மகானுபாவருக்குப் பல்வலி வந்ததே கிடையாது போலிருக்கிறது. வந்திருந்தால் தலைவலியையும் காய்ச்சலையும் தள்ளி வைத்துவிட்டுப் பல்வலியைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

அந்தப் பல்வலியிலும் பல தினுசு உண்டு. சொத்தை விழுந்து வருகிற வலிக்கு நாலு பேருடைய அனுதாபம் கிடைக்கும். ஞானப்பல் முளைக்கும்போது வருகிற வலிக்குக் கொஞ்சம் கௌரவம்கூட உண்டு. ஆனால், வருஷக் கணக்காக அடைத்துச் சுகமாக இருந்த பல்லை நாமே வலியப் போய்த் திறக்கச் சொல்லி, பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிய அடைப்பு வைத்துக்கொண்டு, அதன் பிறகு வருகிற வலிக்கு யார் அனுதாபப்படுவார்கள்? "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று பழமொழி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஆண்டியின் கதைதான் இது. ஆண்டி, நான். சங்கு, என் கீழ்வரிசையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல்.

ஒரு போட்டோ செய்த வேலை

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு போட்டோ. போன வருஷம் ஒரு சீமந்தத்தில் யாரோ எதையோ சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த க்ஷணம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். படத்தில் பட்டுப்புடவை தெரிகிறது, தோடு தெரிகிறது, எல்லாவற்றையும் மிஞ்சிக்கொண்டு கடைவாயில் ஒரு கரும்புள்ளியும் தெரிகிறது. படம் செல்போன் செல்போனாகக் குடும்பம் பூராவும் சுற்றியது. "பாட்டி, உங்க வாயிலே மிளகு ஒட்டிக்கிட்டிருக்கு!" என்றது நாத்தனாரின் பேத்தி.

மிளகு அல்ல, வெள்ளி. 22 வருஷங்களுக்கு முன் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு வைத்த வெள்ளி அடைப்பு. அத்தனை வருஷமும் முறுக்கு, சீடை, கரும்பு எதற்கும் அசைந்து கொடுக்காமல் உழைத்தது. அதன் நிறம் ஒன்றுதான் குற்றம்.

இந்தத் தை மாதம் நாமக்கல்லில் என் அண்ணன் மகன் கல்யாணம். மறுபடியும் படம் எடுப்பார்கள், மறுபடியும் மிளகு தெரியும். ஆகவே, கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சென்னையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்லைப் பார்த்துவிட்டு, "ஓரம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. மற்றபடி அடைப்பு கெட்டியாகவே இருக்கிறது. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை" என்றுதான் ஆரம்பித்தார். அவரை முடிக்க விட்டேனா? "வெள்ளையாக மாற்றிவிடுங்கள்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டார். முக்கால் மணி நேரத்தில் வெள்ளி போய், பல்லின் நிறத்திலேயே புது அடைப்பு வந்துவிட்டது. "கடித்துப் பாருங்கள். உயரமாகத் தட்டுப்படுகிறதா?" என்று கேட்டார். எனக்கு அப்போது உதடு எங்கே, கன்னம் எங்கே என்றே தெரியவில்லை. ஆனாலும், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று தலையை ஆட்டினேன். சகோதரிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். என் கஷ்டத்துக்கு அஸ்திவாரம் போட்டது இந்தத் தலையாட்டல்தான்.

கல்யாணத்தன்று ஐஸ்கிரீம் வாயில் பட்டதும் பல்லில் சுரீரென்றது. வடையைக் கடித்தபோது ஊசியால் குத்தியது போல் இருந்தது. "புது அடைப்பு, பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

எழுபது வளைவுகள்

கல்யாணம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்காரர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறப்பளீசுவரரைப் பார்க்காமல் திரும்புவதா?" என்றார். காரில் ஏறிச் சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். காரவள்ளியிலிருந்து மேலே ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எதிரே பஸ் வருகிறதா, லாரி வருகிறதா என்று தெரியாமல் வண்டி திரும்பும்போதெல்லாம் நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பல்லை இறுகக் கடித்தேன். முப்பதாவது வளைவில் காது அடைத்தது. நாற்பதாவது வளைவில் பல் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. எழுபதைத் தாண்டி, மிளகுக் கொடிகள் படர்ந்த மரங்களும் பனிக்காற்றும் எதிர்கொண்டபோது எனக்கு மலையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. உலகம் முழுவதும் ஒரே ஒரு பல்லாக இருந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவனான அந்த ஓரி ஆண்ட மலைதான் இது. ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. இப்போது நம்பிக்கை வந்துவிட்டது. என் வலியும் பல்லில் புறப்பட்டு, தாடையைத் துளைத்து, காதில் பாய்ந்து, பொட்டில் ஏறி, உச்சந்தலையில் போய்த் தைத்ததே!

இந்த மலைக்கு இன்னொரு பழங்கதையும் உண்டு. கொல்லிப் பாவை என்று ஒரு பதுமை. அழகாகச் சிரிக்குமாம். அந்தச் சிரிப்பில் மயங்கி அருகில் வந்த அசுரர்களைக் கொன்றுவிடுமாம். சிரிப்புக்காகப் பல்லைத் திறந்துகொண்டு வந்த எனக்கு இதைவிடப் பொருத்தமான மலை கிடைக்குமா?

என் வீட்டுக்காரர் தம் பங்குக்கு விஞ்ஞானம் பேசினார். "மேலே வரவரக் காற்றின் அழுத்தம் குறையும். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானம் ஓட்டினவர்களுக்கு உயரே போனதும் பல்வலி வந்ததாம். உனக்கும் அதுதான்" என்றார். கீழே இறங்கினால் எல்லாம் போய்விடும் என்பது அவர் தீர்ப்பு.

ராத்திரி தூக்கம் இல்லை. பாதி வலியால், பாதி பயத்தால். லாட்ஜில் இருந்த ஒரு பெரியவர் இரக்கப்பட்டுக் கிராம்புத் தைலம் கொடுத்தார். ஒரு சொட்டு போதும் என்றார். ஒரு சொட்டுக்கு இவ்வளவு சுகம் என்றால் நாலு சொட்டுக்கு எவ்வளவு சுகம் என்று கணக்குப் போட்டேன். பல் அடங்கவில்லை. ஈறும் நாக்கும் சேர்ந்து எரிய ஆரம்பித்தன.

காலையில் கோவிலுக்குப் போனோம். இந்த ஊர்க் கதைப்படி, ஆற்றில் பிடித்து அறுத்த மீன்கள் மறுபடி ஒன்றுகூடித் துள்ளித் தண்ணீரில் குதித்தனவாம். அறுத்த மீனையே பொருத்திய சுவாமிக்கு ஒரு பல்லைப் பொருத்துவது பிரமாதமா என்று மனமுருக வேண்டிக்கொண்டேன். அவர் ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிப் போனார். நான் மேலேயே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் ஏதோ குடும்பக் கவலை என்று நினைத்திருப்பார்கள்.

அன்னாசிப் பழக்காரி சொன்னது

திரும்பும் வழியில் சோளக்காட்டில் பழம் வாங்க நிறுத்தினோம். அன்னாசி விற்றுக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண், வயது நாற்பத்தைந்து இருக்கும், என் கன்னத்தில் இருந்த கையைப் பார்த்தாள்.

"பல்லு நோவாம்மா?"

"ஆமாம், நாலு நாளாக."

"எனக்கும் இருந்துச்சும்மா, ரெண்டு மாசம். பல்லை அடைச்சுட்டு வந்தப்புறம்தான் சாஸ்தியாச்சு. சுடுதண்ணி பட்டாப் போதும், உசுரு போயிரும். ராவெல்லாம் உக்காந்தே இருப்பேன். புகையிலைகூட வச்சுப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் தன்னாலே நின்னுபோச்சு. இப்ப ஒண்ணுமில்லே. உங்களுக்கும் நின்னுபோகும், பயப்படாதீங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் தாடையோரம் லேசாக உப்பியிருந்ததைக் கண் பார்த்தது. ஆனால், மனசு கவனிக்கவில்லை. நின்றுவிடும் என்ற ஒரு வார்த்தையைத்தான் அது பிடித்துக்கொண்டது. இரண்டு மாசம் பொறுத்தால் சரியாகிவிடும் என்றால் பொறுத்துவிட்டுப் போகிறேன், ஊருக்கே போய்விடலாம் என்று சொன்னேன்.

நல்லவேளை, என் அண்ணி கேட்கவில்லை. நாமக்கல்லில் இறங்கியதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டாள்.

நீலக் காகிதம்

நான் பயந்துகொண்டு போனது, "வேர் சிகிச்சை செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். அல்லது, "பல்லைப் பிடுங்கிவிடலாம்" என்பாரோ?

டாக்டரம்மா அவசரப்படவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். கடிக்கும்போது வலிக்கிறதா, கடிக்காமலே வலிக்கிறதா? குளிர்ந்தது பட்டால் வலி வந்ததும் போய்விடுகிறதா, நின்று வலிக்கிறதா? சூடு பட்டால்? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? பிறகு கண்ணாடிக் கம்பியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்.

கடைசியில் மெல்லிய நீலக் காகிதம் ஒன்றைப் பல்லின்மேல் வைத்து, "கடியுங்கள். இப்படியும் அப்படியும் அரையுங்கள்" என்றார். காகிதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார். புது அடைப்பின் நடுவில் அழுத்தமாக ஒரு நீலப் பொட்டு. மற்றப் பற்களில் அவ்வளவாக ஒன்றும் இல்லை.

"பார்த்தீர்களா? உங்கள் வாய் முழுவதும் கடிக்கிற பலத்தை இந்த ஒரு இடம் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது" என்றார்.

அந்த இடத்தை இரண்டு மூன்று தடவை நைசாக உராய்ந்து தேய்த்தார். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "இப்போது கடியுங்கள்." கடித்தேன். கல் செருப்பிலிருந்து கல் விழுந்தது போல் இருந்தது.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்போன்ற சவ்வு ஒன்று இருக்கிறதாம். பல் எலும்பில் ஆணி அடித்தது போல் பதிந்திருக்கவில்லை. அந்தச் சவ்வில்தான் தொங்குகிறது. ஒரு தலைமயிர் கனத்துக்கு உயரம் கூடினால்கூட அந்தச் சவ்வு கண்டுபிடித்துவிடும். ஓயாமல் இடிபட்டால் புண்ணாகும். "மரத்த வாயோடு கடித்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது. அதனால்தான் மறுநாள் உயரமாகத் தோன்றினால் திரும்பி வரச் சொல்வது. நீங்கள் திரும்பிப் போகாமல் மலை ஏறிவிட்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தீர்கள் அல்லவா? எழுபது தடவை!" என்று சிரித்தார்.

காற்றழுத்தத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் கேட்டார். விமானிகளுக்கு வந்த பல்வலி உண்மைதான். பெரும்பாலும் ஏற்கெனவே பழுதான பல்லில்தான் அது வரும். கொல்லிமலை ஏறத்தாழ 4,000 அடி. அந்த உயரம் நல்ல பல்லை ஒன்றும் செய்துவிடாது. மலையின் குளிர்காற்றும் சில்லென்ற தண்ணீரும்தான் கூச்சத்தைக் கிளப்பியிருக்கும் என்றார். மலை நிரபராதி என்று தீர்ப்பாயிற்று.

பல் ஏன் கூசுகிறது?

வெளியே தெரிகிற வெள்ளை ஓட்டுக்கு வலி தெரியாது. அதற்கு உள்ளே இருக்கும் தந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள். அவற்றுக்குள் நீர் இருக்கிறது. நடுமையத்தில் நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள கூழ் இருக்கிறது. குளிர்ச்சி பட்டதும் குழாயிலுள்ள நீர் சட்டென்று நகர்கிறது. அந்த அசைவுதான் நரம்பைச் சுண்டி இழுக்கிறது.

பழைய அடைப்பை எடுக்கும்போது, மிஷினின் அதிர்ச்சியாலும் சூட்டாலும் பல் உலர்ந்துபோவதாலும் நரம்பு சற்றே சினந்துகொள்கிறது. வெள்ளை அடைப்பு மாவாக இருந்து ஒளி பட்டு இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அதனால் அடியில் துளி இடைவெளி ஏற்பட்டாலும் கூச்சம் வரும். பெரும்பாலானவர்களுக்கு இது சில நாளிலோ இரண்டு மூன்று வாரத்திலோ அடங்கிவிடும். ஆகவே, புது அடைப்புக்குப் பின் கூசுகிறது என்பதாலேயே டாக்டர் கெடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அடைப்பு ஆழமாக இருந்தால் வலி வரத்தான் செய்யும்.

வலியின் பாஷை

"வலிக்கு ஒரு பாஷை உண்டு, அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்" என்றார் டாக்டரம்மா. அவர் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன்.

குளிர்ந்ததோ இனிப்போ பட்டதும் சுரீரென்று வந்து, சில விநாடியில் போய்விடுகிற வலி, நாளுக்கு நாள் குறைந்துகொண்டும் வருகிறது என்றால், பொறுத்திருக்கலாம். ஒரு மாதமாகியும் குறையாவிட்டால் காட்ட வேண்டும்.

கடித்தால் மட்டும் வலிக்கிறது, அந்தப் பல் மற்றவற்றுக்கு முன்னால் போய் இடிக்கிறது என்றால், அடைப்பு உயரம். இரண்டு மூன்று நாளிலேயே போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். தானாகத் தேய்ந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. கடித்துவிட்டுப் பல்லை எடுக்கும்போது சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். அதையும் சொல்ல வேண்டும்.

சூடானது பட்டால் வலி வந்து நிமிஷக் கணக்கில் நிற்கிறது, ஒன்றும் படாமலே தானாக வருகிறது, நடு ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கிறது என்றால், உள்ளே கூழ் அழன்றுவிட்டது என்று அர்த்தம். மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். அப்போது வேர் சிகிச்சைதான் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றும்.

முகம் வீங்கினாலோ, ஜுரம் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். வாய் திறக்கவோ, விழுங்கவோ, மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான் பேச்சுவாக்கில் அன்னாசிப் பழக்காரியின் கதையைச் சொல்லி, "அவளுக்குத் தானாகவே நின்றுவிட்டதாம்" என்றேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சூடு பட்டால் உயிர் போன வலி, ஒருநாள் திடீரென்று நின்றுவிட்டதா? அது குணமாகவில்லை, அம்மா. நரம்பு செத்துப்போய்விட்டது. செத்த நரம்பு வலிக்காது. ஆனால், அந்த இடத்தில் கிருமி குடியேறி வேரின் நுனியில் சீழ் கட்டும். வலிக்கிற பல்லைவிட, வலித்து நின்றுபோன பல்தான் எனக்கு அதிகக் கவலை. அந்த அம்மாவுக்கு வீக்கம் ஏதாவது இருந்ததா?"

தாடையோரம் பார்த்த உப்பல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. அவளுடைய யோசனையைக் கேட்டு நானும் இரண்டு மாசம் காத்திருக்கத் தயாரானேனே! நான் எழுபது வளைவுகளைக் காரில் இறங்கி வந்துவிட்டேன். அவள் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்து இறங்கி, ஏற வேண்டும். வலி நின்றுவிட்டது என்று நம்ப அவளுக்கு என்னைவிட எவ்வளவோ காரணம் இருந்தது.

செய்யக் கூடாதவை

கிராம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள யூஜினால் என்ற சத்து உண்மையாகவே மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்களே அதைத் துத்தநாகப் பொடியோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. ஆனால், தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும். அதற்கு நானே சாட்சி. ஒரு துளியைக் கொஞ்சம் சமையல் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லில் மட்டும் வைக்கலாம். அதுவும் டாக்டரிடம் போகும் வரையில்தான்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லிடுக்கில் வைக்கவே கூடாது. ஈறு புண்ணாகிவிடும். புகையிலை வைப்பது பல்லைக் காப்பாற்றாது, வாய்க்குக் கேடு. வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமே விழுங்குவதும் தவறு. அடைப்பின் உயரத்தை எந்த மாத்திரையும் குறைக்காது. வீக்கம் இருந்தால் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

வலி பொறுக்காவிட்டால் பாரஸிட்டமால் போட்டுக்கொள்ளலாம், சீட்டில் கண்ட அளவுக்கு மேல் போகாமல். அதைவிடக் கடுமையான வலி மாத்திரைகளைக் கர்ப்பிணிகளும், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்புளிக்கலாம். மறுபக்கத்தால் மெல்லலாம். பல் கூச்சத்துக்கென்று பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்த பற்பசைகள் கிடைக்கின்றன. இரண்டு வேளையும் தேய்த்தால் சில வாரத்தில் கூச்சம் குறையும்.

வெள்ளியா, வெள்ளையா?

என் பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. வலித்தால் பிடுங்கிவிடுவார்கள். டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ல்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்தது 1953-ல். இன்று ஊருக்கு ஊர் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதனால் புது மாதிரிக் கஷ்டம் வந்திருக்கிறது. வேண்டாத பல்லிலும் கைவைக்கச் சொல்கிறோம்.

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்வது வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தில் குழைத்தது. ஏறக்குறையப் பாதிப் பங்கு பாதரசம். அமெரிக்காவில் 1840-களிலேயே அதைக் கூடாது என்று ஒரு கட்சி, வேண்டும் என்று ஒரு கட்சியாக டாக்டர்கள் பெரும் சண்டை போட்டிருக்கிறார்கள். இப்போது பாதரசத்தால் மண்ணும் நீரும் கெடுவதைத் தடுக்க, ஜப்பானிய ஊரின் பெயரால் அமைந்த மினமாட்டா ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதில் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல், வைத்திய ரீதியில் மிக அவசியமானால் ஒழிய, புதிதாக வெள்ளி அடைப்பு வைப்பதில்லை.

இதைக் கேட்டதும் வாயிலுள்ள பழைய வெள்ளியை உடனே எடுத்துவிட வேண்டும் என்று கிளம்ப வேண்டாம். நன்றாக இருக்கிற வெள்ளி அடைப்பை வைத்தியக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டியதில்லை என்றே அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி சற்று அதிகமாக வெளிப்படும்.

இன்னொரு காரணம்தான் என் மனசில் பதிந்தது. "ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும், நரம்புக்குக் கொஞ்சம் நெருங்கும். ஒரு பல்லை இத்தனை தடவைதான் திறக்கலாம் என்று கணக்கு உண்டு. நீங்கள் சிரிப்புக்காக ஒரு தடவையைச் செலவழித்துவிட்டீர்கள்" என்றார் டாக்டரம்மா. அடைப்பு உடைந்தாலோ, ஓரத்தில் புதிதாகச் சொத்தை விழுந்தாலோ, உணவு போய் மாட்டிக்கொண்டாலோ, வலித்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தால் முழுவதையும் எடுக்காமல் அந்த இடத்தை மட்டும் பூசிவிடலாமா என்று கேட்பதும் நல்லது.

பின்கதை

கடித்தால் வந்த வலி நாலாம் நாள் அடியோடு நின்றது. குளிருக்கு வந்த கூச்சம் மூன்று வாரம் இருந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. வேர் சிகிச்சைக்கு வேலை வைக்கவில்லை.

அன்னாசிப் பழக்காரியை மட்டும் மறக்க முடியவில்லை. என் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் வாழைக்காய் வாங்க வாரா வாரம் மலைக்குப் போகிறவர். அவரிடம் அடையாளம் சொல்லி, டாக்டரம்மா சொன்னதையும் சொல்லி அனுப்பினோம். முதல் தடவை, "வலிதான் இல்லையே" என்று மறுத்துவிட்டாளாம். இரண்டாம் தடவை அவர் தம் வண்டியிலேயே நாமக்கல்லுக்கு அழைத்து வந்திருக்கிறார். வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. பல் போய்விட்டது. ஆனால், தாடையும் அவளும் சௌக்கியம். எனக்கு ஒரு கூடை அன்னாசி வந்து சேர்ந்தது. கடித்துத்தான் தின்றேன், இடப்பக்கத்தாலேயே.

கல்யாண ஆல்பமும் வந்துவிட்டது. ஆவலோடு புரட்டினேன். அத்தனை படத்திலும் நான் இருக்கிறேன். ஒன்றிலாவது வாயைத் திறந்திருக்க வேண்டுமே! பல்வலியில் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தில் ஒரு கை வைத்தபடியே எல்லாப் படத்திலும் நிற்கிறேன். புது வெள்ளை அடைப்பை இதுவரை பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். இரண்டு பேரும் பல் டாக்டர்கள்.